ஒரு பொட்டுக் காத்துப் புகாம

காலைச் சித்தே அக்கட்ட வைங்ணா. மிதிச்சுப் போடாதீங்க. ஃப்ளெக்ஸுங்ணா அது, சுருட்டி வச்சிருக்கேன். ஏற்கனவே கிழிச்சுப் போட்டானுங்க, நீங்களும் மிதிச்சா அவ்வளவுதான்.

மதுரைக்கா? நானும் மதுரைதான். அங்க மாறிப் பவானி. என்ன, பட்டு வேட்டி பட்டுச் சட்டையப் பாத்துட்டுக் கல்யாணத்துக்குப் போறவன்னு நினைச்சீங்களா? இந்தக் கிரீஸுக் கறையப் பாத்துமா? கல்யாணத்துக்குப் போகலைங்ணா. கல்யாணத்துல இருந்து வரவும் இல்லை. கல்யாணமே இன்னைக்குத்தான். தென்காசில. பத்தரைல இருந்து பன்னெண்டு முகூர்த்தம். மாப்பிள்ளைத் தோழன் யாரு? நான். இப்ப மணி காலைல ஏழு. பஸ்ஸு எந்தப் பக்கம் போகுது? மதுரைப் பக்கம். கல்யாணம்ங்கற வார்த்தையக் கேட்டாலே எனக்குக் குமட்டுதுங்ணா. ச்சை.

மாப்பிள்ளை பேரு மௌலி. மௌலீஸ்வரன். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒட்டுக்காத்தான் திரிஞ்சோம். பெருந்துறைல ஒரு மில்லு ஆபீஸ்ல இருக்கான். அங்கயே வேலை பாத்த பொண்ணு செண்பகா. தென்காசிக்காரப் பொண்ணு. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு, ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சாங்க. கல்யாணம் பொண்ணு ஊர்ல. நேத்துப் பொழுதோட, சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. எங்க ஊர்ல இருந்து வேன்ல போறோம், பதினாலு பேரு. வேன் ஏற்பாடு யாரு? நான். ரூட்டு யாரு? நான். ஏன்னா நான் வண்டிப் பைத்தியம்ங்ணா. வேலைக்கு ஃப்ளெக்ஸ் கடைல டிசைனரா இருக்கேன், ஆனா உசுரு வண்டிதான். ‘பவானி டர்போ பாய்ஸ்’னு ஒரு வாட்ஸப் குரூப், இருநூத்திப் பன்னெண்டு பேரு, நான்தான் அட்மின். ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகற சத்தத்த வச்சே அதுக்கு என்ன நோவுன்னு சொல்லிருவேன்.

இருங்ணா, குரூப்ல ஒருத்தன் என்னமோ கேக்கறான். ‘பிரேக் ஆயில்... மாத்து...’ ம், பதில் போட்டாச்சு. எங்க விட்டேன்?

ஃப்ளெக்ஸு. இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க, விரிச்சுக் காட்டறேன். பிடிங்ணா, வெட்கப்படாதீங்க. பாத்தீங்களா? ஆறடிக்கு நாலடி. நாலு ராத்திரி உக்காந்து டிசைன் பண்ணேன். ‘தென்காசியே திரும்பிப் பார்!’ எழுத்துல நெருப்பு எரியுது பாருங்க. நடுவுல மௌலி. பக்கத்துல கூலிங்கிளாஸ் போட்டுட்டு ஸ்டேரிங்கைப் பிடிச்சிருக்கறது நானு. ஆமா, மௌலியவிட ஒரு சுத்துப் பெருசா வந்துருச்சு, அது போட்டோ எடுத்த ஆங்கிள் அப்படி. கீழ ஸ்டாம்பு சைஸ்ல நம்ம பசங்க இருபத்தாறு பேரு. பொண்ணா? பொண்ணு போட்டோக்கு இடம் பத்தலைங்ணா. பேரு போட்டிருக்கேன், அந்தா அந்த மூலைல. கண்ணாடி போட்டுப் பாருங்க.

இதைத்தான் வேன் முன்னாடி கட்டினேன். கண்ணாடிக்குக் கீழ இருந்து பம்பர் வரைக்கும். எப்படிக் கட்டினேன்ங்கறீங்க? சும்மா கயித்தப் போட்டா காத்துப் பூந்து படபடன்னு அடிக்கும், நூறு கிலோமீட்டர்ல கிழிஞ்சிரும். அதனால பின்னால ஒரு தார்ப்பாயும் குடுத்து, நாலு பக்கமும் கம்பி போட்டு இழுத்து முறுக்கி, ஒரு பொட்டுக் காத்துப் புகாம கட்டினேங்ணா. ஒரு பொட்டு! அந்த வேலையப் பாத்து ஒருத்தன் பாராட்டியிருக்கணுமா இல்லையா?

டிரைவர் நாச்சிமுத்து அண்ணன் என்ன சொல்றாருங்கறீங்க? சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, “தம்பி, முன்னாடி முழுசா மறையுதுங்க. மேல ஏத்திக் கட்டலாங்களா?”ங்கறாரு. “மேல ஏத்தினா கண்ணாடி மறையும், அப்புறம் நீங்க எதைப் பாத்து ஓட்டுவீங்க, எங்க முகத்தையா?”ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. மனுசன் போய் ஏறிட்டாரு. எனக்குத் தெரியும்ங்ணா. அவரு வண்டில அவரு குலசாமி ஸ்டிக்கர் ஒட்டியிருக்காரு, அது மறைஞ்சுபோச்சுன்னு வயித்தெரிச்சல்.

நேத்துக் காலைல ஏழு மணிக்குப் பொறப்பட்டோம். மூணு மணிக்கெல்லாம் தென்காசி. மூணு மணி நேரம் கையில இருக்குது. நல்ல பிளானா இல்லையா சொல்லுங்க.

இந்த ஆறு மணிங்கறது என்னன்னா, செண்பகாவுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு இடம் நிச்சயம் ஆகியிருந்துச்சு. அழைப்பு அன்னைக்கு மண்டபம், மேளம், ஆரத்தித் தட்டு எல்லாம் ரெடி. மாப்பிள்ளை வீட்டுக்காரனுங்க வரலை. இதா வாரோம் இதா வாரோம்னு சொல்லிட்டே இருந்து, கடைசில போனை ஆஃப் பண்ணிட்டானுங்க. அந்தப் பொண்ணு அலங்காரத்தோட வாசல்ல ஒம்பது மணி வரைக்கும் நின்னிருக்குது. ஊரே வேடிக்கை பாத்துட்டுப் போயிருக்குது. அதனால மௌலிகிட்ட அது கேட்டது ஒண்ணே ஒண்ணுதானாம். “நகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆறு மணின்னா ஆறு மணிக்கு வந்து நில்லுங்க.” சரி, பாவம்தான். அதுக்காக மணிக்கொரு தடவை போன் பண்ணி எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னா? டிராவலையே ரசிக்க விடலைங்ணா. மௌலி வேற ஒவ்வொரு தடவையும் “கரூர் தாண்டியாச்சு செண்பகா”, “வேடசந்தூர் வந்தாச்சு செண்பகா”ன்னு கண்டக்டர் மாதிரி சொல்லிட்டே வாரான். எனக்கு அப்பவே எரிச்சல்.

வேடசந்தூர்லதான் முள்ளு மேல ஏற ஆரம்பிச்சுது. எஞ்சின் சூடு காட்டற முள்ளுங்ணா. டிரைவர் அண்ணன் ஓரங்கட்டறாரு. “சூடேறுதுங்க தம்பி, முன்னாடி கட்டுனத அவுத்துட்டா...” நான் விடலை. “அண்ணே, வண்டி புதுசு, மீட்டர்தான் பழசு. மீட்டரு பொய் சொல்லுது. போலாம்”ன்னேன். ஏசிய ஆஃப் பண்ணச் சொன்னேன். அது போக ஒரு ட்ரிக் இருக்குதுங்ணா, வெளிநாட்டுக்காரன் வீடியோல பாத்தது. ஹீட்டரைப் போட்டுட்டா எஞ்சின் சூட்டை எல்லாம் உள்ள இழுத்துரும். போடச் சொன்னேன். வைகாசி வெயிலு. திண்டுக்கல்ல இருந்து ஹீட்டரு. மௌலி அம்மா முந்தானைல முகத்த மூடிட்டு முனகறாங்க. சீர்த்தட்டுல வச்ச சாக்லேட் எல்லாம் உருகி வெத்தலைல ஒட்டிக்குச்சு. மௌலி சட்டை ஒடம்போட ஒட்டிப்போச்சு. சித்தே பொறுத்துக்கக் கூடாதா? ஒரு டெக்னிக்கை மதிக்கத் தெரியாத கூட்டம்.

மௌலிக்கு ஒரு அக்கா இருக்குது, வாணி அக்கா. அது பின்சீட்டுல இருந்து கத்துது. “டேய் நவநீ! உன் மூஞ்சில தார்ப்பாய வச்சு இறுக்கிக் கட்டிட்டு ஓடச் சொன்னா ஓடுவியாடா? அந்தக் கருமத்த அவுறா!” கருமமாம்! நாலு ராத்திரிங்ணா! அதுக்கு என்ன கோவம்னு எனக்குத் தெரியாதா? அது வீட்டுக்காரர் போட்டோ ஃப்ளெக்ஸ்ல இல்லை. அனுப்பச் சொன்னா ரேசன் கார்டுல இருக்கற போட்டோவ அனுப்பறாரு. அதை எப்படிப் போடறது? “அக்கா, மாமா போட்டோ விட்டுப்போச்சுன்னு இப்படி விஷத்தைக் கக்காதீங்க”ன்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். அது அப்படியே என்னைப் பாத்துச்சு. தலையில அடிச்சுட்டுத் திரும்பிக்குச்சு. உண்மையச் சொன்னா அப்படித்தான்.

சரி, படிக்காதவங்ககிட்ட என்ன பேச்சுன்னு குரூப்ல போட்டேன். அறிகுறி எல்லாம் எழுதி, வேனை முன்னாடி நின்னு போட்டோ எடுத்து. அம்பது லைக்கு. கூடுதுறை ஜெகன்னு ஒருத்தன் மட்டும், “ப்ரோ, ஃப்ளெக்ஸைக் கழட்டுங்க, சரியாயிரும்”னு போடறான். அவன் யாரு தெரியுங்களா? எதிர்த்த ஃப்ளெக்ஸ் கடைல வேலை பாக்கறவன். பொறாமை அப்படியே பச்சையா தெரியுது. குரூப்ல இருந்து தூக்கிட்டேன். அட்மின்னா சும்மாவா?

மதுரை பைபாஸ்ல ஒரு தடவை, திருமங்கலம் தாண்டி ஒரு தடவை, கல்லுப்பட்டில ஒரு தடவை. டிரைவர் அண்ணன் நிறுத்தி நிறுத்தி ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தறாரு. ஊத்தினா அஞ்சு கிலோமீட்டர் ஓடுது, மறுபடி ஏறுது. ஒவ்வொரு தடவையும் மௌலி கேக்கறான், “நவநீ, நிறுத்தி ஒரு மெக்கானிக்கைப் பாத்துரலாமாடா? ஆறு மணிக்கு அங்க இருக்கணும்டா.” நான் என்ன சொல்றேன்? “போலாம்டா. நான் இருக்கேன்ல. போலாம்.”

சீவில்லிபுத்தூர் தாண்டி நாலு கிலோமீட்டர். ரெண்டே முக்கா மணி. டொப்புன்னு ஒரு சத்தம். வெள்ளை வெள்ளையாப் புகை. வேன் அப்படியே சாஞ்சு ஓரத்துல நின்னுபோச்சு. சத்தத்த வச்சே சொல்லிட்டேன், டீசல்ல கலப்படம்னு. ஆனா யாருக்கும் கேக்கற மனசில்லை.

மொபட்ல ஒரு மெக்கானிக் வந்தான். ஜெபராஜாம். லுங்கி, பனியன், காதுல பென்சில். கணக்கு வாத்தியாரு மாதிரி. வந்தவன் பானெட்டைத் தொறக்கலைங்ணா, மீட்டரைப் பாக்கலை. முன்னாடி வந்து நின்னான், ஃப்ளெக்ஸைப் பாத்தான், சிரிச்சான். “யாருய்யா இந்தக் கண்ணாடி போட்ட பெரிய மனுசன்?”ங்கறான். “நான்தான்”னேன். “வண்டி மூச்சு விடுறதே இது வழியாத்தான்யா. தலகாணிய வச்சு அமுக்குன மாதிரி அமுக்கிக் கொன்னுட்டு, சிரிச்சுக்கிட்டு வேற நிக்கிறீரு”ன்னு சொல்லிட்டே கத்தியெடுத்து ஒரே கீறு. இந்தா, இந்தக் கிழிசல் பாருங்க. கரெக்டா என் கழுத்துல. வேணும்னே பண்ணியிருக்கான்ங்ணா!

பின்னால கையை வச்சுப் பாத்துட்டு, உள்ள பாத்துட்டு, “சூட்டுல எஞ்சின் கேஸ்கட்டு வெந்து போச்சு. ஹெட்டக் கழட்டணும். ரெண்டு நாளாகும். மாப்ளைய வேற வண்டில அனுப்புங்க”ன்னான். டீசலை டெஸ்ட் பண்ணுய்யான்னா, “டீசல் தங்கம் மாதிரி இருக்கு, தம்பி”ன்னு மோந்து பாத்துட்டுச் சொல்றான். மோந்து பாத்து! இவனுங்ககிட்ட எல்லாம் வண்டி மாட்டினா? த்தூ.

அப்பப் பாத்து செண்பகா போனு. மணி மூணே கால். மௌலி போனைக் கையில வச்சுட்டு அப்படியே நிக்கறான். நான் பிடுங்கினேன். ஒரு ஆம்பளையா ஒருத்தன் சமாளிக்கணும்ல? “தங்கச்சி, ஒண்ணும் டென்சன் ஆகாத, சின்ன ரிப்பேரு, ஏழு ஏழரைக்கெல்லாம் வந்துருவோம்”னேன். அது மெதுவா, “அவங்களும் ஏழு ஏழரைன்னுதான் அண்ணே சொன்னாங்க”ன்னுச்சு. கட் பண்ணிருச்சு.

நல்லாருக்கா? நான் தைரியம் சொன்னா, என்னைக் கொண்டுபோய் அந்த ஓடிப்போனவனுங்களோட சேக்குது. ஸ்பீக்கர்ல இருந்ததால மௌலிக்கும் கேட்டுருச்சு. மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. போய் மைல் கல்லு மேல உக்காந்துட்டான்.

நான் சும்மா இருக்கலைங்ணா. மதுரைல நம்ம குரூப் தம்பி ஒருத்தன், ஓப்பன் ஜீப் வச்சிருக்கான். போன் போட்டேன். ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம்னான். அதுல மௌலிய நிக்க வச்சு, ஃப்ளெக்ஸை முன்னாடி ஒட்டுப்போட்டுக் கட்டி, தென்காசிக்குள்ள பூந்தா எப்படி இருக்கும்? ஏழரை ஆனா என்ன, எட்டானா என்ன, வராமயா போகப்போறோம்?

இதை நான் விளக்கிட்டே இருக்கேன், வாணி அக்கா சீர்த்தட்டைத் தூக்கிட்டு ரோட்டு நடுவுல போய் நின்னுருச்சுங்ணா. தேங்கா, பழம், உருகின சாக்லேட் எல்லாம் தலைக்கு மேல. மதுரைப் பக்கம் இருந்து வருது தென்காசி பஸ். கவர்மெண்டு பஸ்ஸு! பிரேக் போட்டு நிறுத்திட்டான். “என்னம்மா, சாகவா நிக்கிற?”ன்னு டிரைவர் கத்தறாரு. “சாகல சாமி, கல்யாணம் பண்ண நிக்கறோம். ஆறு மணிக்கு இந்தப் பையன் தென்காசில இருக்கணும்”னு இது கத்துது. கண்டக்டரு எட்டிப் பாத்து, மௌலிய மேலயும் கீழயும் பாத்து, “மாப்ளைக்கு டிக்கெட்டா, லக்கேஜா?”ங்கறான். பஸ்ஸே சிரிக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. பட்டு வேட்டி கட்டின மாப்பிள்ளை, கோழிக்கூடைக்கும் மூட்டைக்கும் நடுவுல நின்னுட்டுப் போறதா?

மௌலி எந்திரிச்சு வந்தான். “நவநீ, ஏறு”ன்னான்.

“பஸ்லயாடா? மானம் போயிரும்டா. ஜீப்பு வருதுடா.”

“மானத்துக்காகத்தான்டா ஏறறேன். அந்தப் பொண்ணு வாசல்ல நிக்குதுடா.” கையைப் பிடிச்சு இழுத்தான். நான் உதறிட்டேன். மத்தவங்க எல்லாம் ஏறிட்டாங்க, அவன் படில நின்னுட்டே என்னையப் பாத்துட்டுப் போனான்ங்ணா. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒட்டுக்காத் திரிஞ்சவன்.

ஜீப்பா? அவனுக்கு என்னமோ ஏர்வால்வு பிரச்சனையாம். வரலை.

அங்க என்ன நடந்துச்சுன்னு வீடியோல பாத்தேன். கண்றாவி. விசயம் தெரிஞ்சு செண்பகா அப்பா மேளக்காரங்களைக் கூட்டிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டாரு. அஞ்சே முக்காலுக்குப் பஸ் உள்ள வருது, நாதஸ்வரம் ஊதறான். பஸ் ஸ்டாண்டுல மாப்பிள்ளை அழைப்பாம்! ஆரத்தி எடுக்கறாங்க, பின்னால “சுரண்டை, சுரண்டை, ஏறு ஏறு”ன்னு ஒருத்தன் கூவிட்டு நிக்கறான். கண்டக்டருக்கு மாலை. டிரைவருக்கு மாலை. ஒரு டிரைவருக்கு மாலை போடுவீங்க, இங்க முன்னூறு கிலோமீட்டர் பிளான் பண்ணிக் கொண்டாந்தவனுக்கு ஒரு துண்டு கூட இல்லை. அந்தப் பொண்ணு மண்டபத்துல இருக்க வேண்டியது, அதுவும் வந்து கூட்டத்துல நிக்குது. மௌலி எறங்கறதப் பாத்து வாயைப் பொத்திட்டு அழுவுது. எதுக்கு அழுவுது? அதான் வந்துட்டான்ல? நாடகம்ங்ணா எல்லாம்.

நான் ராத்திரி அந்த ஜெபராஜ் ஷெட்ல, கட்டி இழுத்துட்டு வந்த வேன் சீட்டுல படுத்திருந்தேன். கொசு. மௌலி கார் அனுப்பறேன்னான். வேண்டாம்னுட்டேன். காலைல இருந்து பதினோரு மிஸ்டு கால். எடுக்கலை. என்னைப் பஸ்ல போறவனுக்குச் சமமா நினைச்சவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?

என்னங்ணா சிரிக்கறீங்க? ‘ரேடியேட்டர் எங்க இருக்கும்’னா? முன்னாடி, கிரில்லுக்குப் பின்னால. அது எதுக்குக் கேக்கறீங்க? ஓ... நீங்களுமா? நீங்களும் அந்த ஜெபராஜ் கட்சிதானா? சொல்லுங்க, நீங்க என்ன வேலை பாக்கறீங்க? லாரி டிரைவரா? அதான பாத்தேன்.

பாருங்க, மறுபடி அவன்தான் கூப்பிடறான். பன்னெண்டாவது. சரி, உங்களுக்காக எடுக்கறேன். ஸ்பீக்கர்ல போடறேன், அவன் எப்படிப் பேசறான்னு நீங்களே கேளுங்க. ...சொல்லு.

“டேய் எங்கடா இருக்க? சீக்கிரம் வாடா. இங்க செண்பகா தாய்மாமன் ஒருத்தரு மீசைய முறுக்கிட்டு நிக்கறாரு, எங்க பிள்ளைய மறுபடி கதிகலங்க வச்சது யாருன்னு. நான் சொல்லிட்டேன், எல்லாம் என் தப்புதான்னு. நவநீ நாலு தடவை நிறுத்துன்னான், மெக்கானிக்கைப் பாக்கலாம்னான், நான்தான் பிடிவாதமா போலாம் போலாம்னு ஓட்டச் சொன்னேன்னு. நீ வந்தா ஆமான்னு தலைய மட்டும் ஆட்டு. வேற ஒண்ணும் வாயைத் தொறக்காத. நீ வராம நான் மணையில உக்கார மாட்டேன். வைக்கறேன், ஐயரு கூப்பிடறாரு.”

...கேட்டீங்களா? கேட்டீங்களாங்ணா? எப்படிப் புளுகறான் பாத்தீங்களா? கூசாம! நான் நிறுத்துன்னு சொன்னேனாம்! நானு! வேடசந்தூர்ல இருந்து சீவில்லிபுத்தூர் வரைக்கும் போலாம் போலாம்னு தொண்டை கிழியச் சொன்னது யாரு? நானு! நிறுத்தலாமா நிறுத்தலாமான்னு பயந்து செத்தது யாரு? அவன்! எம்மேல இல்லாத பயத்தை ஏத்தி, என் தைரியத்தை எல்லாம் அவன் எடுத்துக்கிட்டான். பொண்ணு வீட்டு ஆளுக முன்னாடி என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டான்ங்ணா! இதை விடலாமா? அந்தத் தாய்மாமன் முன்னாடி நின்னு, மேடைல மைக்கைப் பிடிச்சுச் சொல்றேன், இவன் சொல்றது பொய்யி, ஒரு தடவை கூட நான் நிறுத்தச் சொல்லலைன்னு. வாணி அக்காவையே சாட்சிக்குக் கூப்பிடறேன். டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேக்கச் சொல்றேன்!

தள்ளுங்ணா, காலை எடுங்க. இது என்ன ஊரு, கிருஷ்ணன்கோவிலா? இங்கிருந்து தென்காசிக்கு ரெண்டரை மணி நேரம், பத்துக்குப் போயிரலாம். ஃப்ளெக்ஸா? நீங்களே வச்சுக்கங்க, லாரிக்கு மூடப் போடுங்க, எனக்கு இப்ப அதா முக்கியம்?

கண்டக்டர் அண்ணே! நிறுத்துங்க! எறங்கணும்! அட, ஸ்டாப்பு வந்தாத்தானா? நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க!